அறை மூன்று மணிக்குத்தான்

பயண வழிகாட்டிகளை எழுதுகிறவர்கள் எல்லாரும் முந்தின இரவு நன்றாகத் தூங்கியவர்கள். அது அவர்கள் எழுத்திலேயே தெரியும். காலை ஒன்பதுக்கு அருங்காட்சியகம், பதினொன்றுக்குக் கோபுரம், பன்னிரண்டரைக்கு ஆற்றங்கரை என்று அவர்கள் பாட்டுக்குப் பட்டியல் போட்டுவிடுவார்கள். முன்சீட்டின் சாய்ந்த முதுகை இரவெல்லாம் பார்த்துக்கொண்டு வந்து, கால் வீங்கி, கண் எரிய இறங்குகிறவருக்கு அந்தப் பட்டியலால் ஒரு பயனும் இல்லை. இந்த வழிகாட்டி அவருக்காக. அதிலும் தனியாக வந்தவருக்காக. "பெட்டியைக் கொஞ்சம் பார்த்துக்கோ, இதோ வந்துடறேன்" என்று சொல்வதற்குக்கூட ஆளில்லாதவர் அவர்.

இந்தியாவிலிருந்து ஜெர்மனிக்குப் போகும் விமானங்கள் பல நள்ளிரவுக்கு மேல் கிளம்பிக் காலையில் இறக்கிவிடுகின்றன. ஜெர்மன் ஹோட்டல்களோ பெரும்பாலும் பிற்பகல் மூன்று மணிக்குத்தான் அறை தருகின்றன. இரண்டுக்கும் நடுவில் ஆறேழு மணி நேரத்துக்கு ஒரு பள்ளம். அதில் விழாமல் தாண்டுவதுதான் முதல் நாளின் ஒரே வேலை. ஊர் பார்ப்பது என்று தனியாக ஒன்று அன்றைக்குக் கிடையாது.

நேர வித்தியாசம்தான் ஆளைச் சாய்க்கிறது என்பார்கள். நம்பாதீர்கள். கோடையில் ஜெர்மனி நமக்கு மூன்றரை மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் நாலரை. மேற்கே போகப் போக நாள் நீளும். நீண்ட நாளை உடம்பு ஒருவாறு பொறுத்துக்கொள்ளும். விமானத்தில் தூங்காமல் போன ராத்திரியைத்தான் அது மன்னிக்காது.

இந்தப் பயிற்சிக்கு நான் சிபாரிசு செய்யும் ஊர் கொலோன். பெர்லின் பரந்து கிடக்கிறது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போவதற்குள் தூங்கிவிடுவீர்கள். மியூனிக் அழகாக இருக்கிறது. தூக்கக் கலக்கத்தில் பார்த்தால் பாவம். கொலோன் அப்படி எந்த நிர்ப்பந்தமும் செய்யாது. ரயில் நிலையத்தின் வாசலில் இறங்கினால் எதிரே பேராலயம், அதன் பின்னால் ஆறு, பக்கத்தில் மதுச்சத்திரங்கள். எல்லாம் ஒரு கொட்டாவி தூரத்துக்குள் முடிந்துவிடும்.

முதலில் அங்கே போய்ச் சேரவேண்டும். பிராங்பர்ட் விமான நிலையத்தில் ரயில் நிலையங்கள் இரண்டு உண்டு. ஒன்று சுற்றுவட்டார ரயில்களுக்கு, இன்னொன்று தொலைதூர ரயில்களுக்கு. தூக்கக் கண்ணோடு வருகிறவர் முதலில் தென்படும் நிலையத்துக்குள் இறங்கிவிடுவது மரபு. மரபை மீறுங்கள். கொலோனுக்கு ஐ.சி.இ. எனும் வேக ரயில் புறப்படுவது தொலைதூர நிலையத்தில்தான். 2002இல் திறந்த தடம், மணிக்கு 300 கிலோமீட்டர் வரை ஓடும், ஒரு மணி நேரம் போல ஆகும். வழியில் சுரங்கம் சுரங்கமாக வரும். விமானத்தில் அடைத்துத் திறந்த காது மறுபடி அடைக்கும்.

டிக்கெட்டை மலிவு விலையில் முன்கூட்டி வாங்கியிருந்தால் அது குறிப்பிட்ட அந்த ஒரு ரயிலுக்கு மட்டும்தான் செல்லும். விமானம் தாமதமானது உங்கள் சொந்த விஷயம். ரயில் தாமதமானால் மட்டும் கதை வேறு: போய்ச்சேர 20 நிமிடமோ அதற்கு மேலோ தாமதமாகும் என்று தெரிந்தால் அந்தக் கட்டு அவிழ்ந்துவிடும், வேறு ரயிலில் ஏறிக்கொள்ளலாம். ஆகவே விமானம் தாமதமானவர்கள், பதிவுசெய்த ரயிலும் தாமதமாக வேண்டும் என்று குலதெய்வத்தை வேண்டிக்கொள்வது நல்லது. பலிக்கும். ஆறு நிமிடத்துக்குக் குறைவான தாமதத்தை ஜெர்மன் ரயில்வே தாமதமாகவே கணக்கில் எடுப்பதில்லை; அந்தச் சலுகையையும் சேர்த்து 2024இல் நேரத்துக்கு வந்த தொலைதூர ரயில்கள் 62.5 விழுக்காடு. ஜெர்மானியர்களின் நேரந்தவறாமை பற்றி உங்கள் மாமா சொல்லி அனுப்பியதெல்லாம் வேறு ஏதோ யுகத்துக் கதை.

ரயிலில் ஜன்னல் ஓரம் உட்காராதீர்கள். கண்ணாடியில் தலை சாயும், ஒரு மணி நேரம் ஒரு நொடியில் போகும், விழித்தால் டுஸ்ஸெல்டார்ஃப். கொலோனுக்கும் டுஸ்ஸெல்டார்ஃபுக்கும் பரம்பரைப் பகை; பீரிலிருந்து திருவிழா வரை எல்லாவற்றிலும் போட்டி. அங்கே இறங்கித் திரும்பி வந்ததாகக் கொலோன்காரரிடம் சொன்னால், பாஸ்போர்ட் தொலைந்ததாகச் சொன்னால் காட்டும் அனுதாபத்தைவிடக் கூடுதலாகவே காட்டுவார். பெட்டி வைக்கும் தட்டருகே நின்றுகொண்டே வருவது உத்தமம்.

இன்னொரு கண்ணி உண்டு. சில ஐ.சி.இ. ரயில்கள் கொலோன் மத்திய நிலையத்துக்கே போவதில்லை. ரைன் ஆற்றின் இந்தப் பக்கம் 'மெஸ்ஸே டாய்ட்ஸ்' என்று ஒரு நிலையத்தில் நின்றுவிட்டு வடக்கே போய்விடும். 'கொலோன்' என்ற பெயரைப் பார்த்ததும் இறங்கி வெளியே வந்தால் பேராலயம் எதிர்க்கரையில் நிற்கும். பதறவேண்டாம். அடுத்த உள்ளூர் ரயில் பிடித்தால் ஒரே ஸ்டாப். அல்லது ஹோஹென்சோலர்ன் பாலத்தின் மேல் பெட்டியை உருட்டிக்கொண்டு நடக்கலாம். இதில் ஒரு லாபம் இருக்கிறது. பேராலயத்தை முழுசாகப் பார்க்கத் தோதான இடம் டாய்ட்ஸ் கரைதான். பக்கத்தில் போனால் கழுத்து வலிதான் மிச்சம். தப்பான நிலையத்தில் இறங்கியவருக்கு ஊரின் தலைசிறந்த காட்சி வந்த உடனே கிடைத்துவிடுகிறது. அதற்கப்புறம் அன்று எதையும் பார்க்காவிட்டாலும் பாதகமில்லை.

பாலம் 1911இல் கட்டி முடித்தது. 1945 மார்ச் 6இல், அமெரிக்கப் படை நெருங்கியபோது, ஜெர்மன் ராணுவமே அதை வெடிவைத்துத் தகர்த்தது. பிறகு மறுபடி கட்டினார்கள். இப்போது நாளொன்றுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட ரயில்கள் போகின்றன. நடைபாதைக் கம்பிவலை முழுக்கப் பூட்டுகள். 2008 வாக்கில் காதலர்கள் ஆரம்பித்த வழக்கம்: பெயர் பொறித்துப் பூட்டைப் போட்டுச் சாவியை ஆற்றில் எறிவது. தனியாக வந்தவர் இந்த இடத்தில் சற்றே வேகமாக நடப்பது நல்லது. பெட்டிச் சக்கரம் கடகடக்க, பக்கத்தில் ரயில் தடதடக்க, தூங்கிவிடுவோமோ என்ற பயம் மட்டும் அங்கே இல்லை.

மத்திய நிலையத்துக்கு வந்தாயிற்று. பெட்டியை விட்டொழிக்க வேண்டும். அங்கே தானியங்கிப் பெட்டகம் ஒன்று இருக்கிறது: பணத்தைப் போட்டுப் பெட்டியை உள்ளே தள்ளினால் இயந்திரம் அதை விழுங்கிப் பூமிக்கடியில் எங்கோ கொண்டுபோய் வைக்கும், கையில் ஓர் அட்டை தரும். அந்த அட்டையை எங்கே வைத்தோம் என்பதைத் தூங்காத மூளை சேமித்து வைக்காது. பாஸ்போர்ட்டோடு வையுங்கள். பாஸ்போர்ட்டை எங்கே வைத்தோம் என்று அரைமணிக்கொரு தரம் எப்படியும் தேடத்தான் போகிறோம், இரண்டும் சேர்ந்தே அகப்படும்.

பெட்டியை விடாமல் கூடவே இழுத்துக்கொண்டு திரிவேன் என்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பேராலயத்துக்கும் ஆற்றுக்கும் நடுவில், லுட்விக் அருங்காட்சியகத்தை ஒட்டி, ஹைன்ரிஷ் பால் சதுக்கம் என்று ஒன்று. நோபல் பரிசு பெற்ற எழுத்தாளர் பால் இந்த ஊர்க்காரர். சதுக்கத்துக்குக் கீழே, தரைக்கடியில், 1986இல் திறந்த இசையரங்கம் இருக்கிறது. மேலே யாராவது நடந்தால், முக்கியமாகச் சக்கரப்பெட்டியை உருட்டினால், கீழே கச்சேரி கேட்பவர்களுக்குக் காதில் விழுகிறது. கட்டி முடித்த பிறகுதான் இது தெரிந்ததாம். அதனால் கச்சேரி, ஒத்திகை நடக்கும்போதெல்லாம் சதுக்கத்தில் ஆட்களை நிறுத்தி, வருகிறவர்களைச் சுற்றிப் போகச் சொல்கிறார்கள். அப்படி ஒருவர் உங்களை மறித்தால் வாக்குவாதம் வேண்டாம். உங்கள் பெட்டிச் சக்கரத்தின் சுருதி அவர்களுக்குச் சேரவில்லை.

ஹோட்டலுக்குப் போய் முன்கூட்டி அறை கேட்கலாமா என்றால், கேட்கலாம். கேட்பதற்கு ஒரு முறை இருக்கிறது. பரிதாப முகம் இங்கே செல்லாது. "ஒரு அஞ்சு நிமிஷம் படுத்துட்டுப் போயிடறேன் மேடம்" என்ற தொனியும் எடுபடாது. அறை சுத்தமாகிவிட்டதா என்பதை மட்டும் நேராகக் கேளுங்கள். ஆகியிருந்தால் சில இடங்களில் சும்மாவே தருவார்கள், சில இடங்களில் காசு கேட்பார்கள். ஆகாவிட்டால் மூன்று மணி என்பார்கள். மூன்று என்றால் மூன்றுதான். ரிசப்ஷனில் இருக்கும் சோபாவைப் பார்க்காதீர்கள். அதில் உட்கார்ந்தவர்கள் எழுந்ததாகச் சரித்திரமில்லை. பெட்டகத்தில் போடாத பெட்டியானால் அதை வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, அங்கேயே முகம் கழுவிப் பல் தேய்த்து, சட்டை மாற்றிக்கொண்டு வெளியே வாருங்கள். மாற்றிய சட்டை இரண்டு மணி நேரத் தூக்கத்துக்குச் சமம்.

இப்போது பேராலயம். ஊர்க்காரர்கள் 'டோம்' என்பார்கள்.

களைத்த பயணிக்கு அதன் முதல் சிறப்பு, உள்ளே வரிசை வரிசையாக பெஞ்சுகள் இருப்பது. மற்றவையெல்லாம் அப்புறம். 1248இல் அடிக்கல் நாட்டினார்கள். பதினாறாம் நூற்றாண்டில் பணமும் ஆர்வமும் வற்றி வேலை நின்றுபோனது. பாதியில் நின்ற தெற்குக் கோபுரத்தின் உச்சியில் கட்டுமானத்துக்கு வைத்த மரப் பாரந்தூக்கி அப்படியே கிடந்தது. நூற்றாண்டுக் கணக்கில் அதுதான் ஊரின் அடையாளம். 1814இல் டார்ம்ஸ்டாட்டில் பழைய முகப்பு வரைபடத்தின் ஒரு பாதியும், இரண்டு வருடம் கழித்துப் பாரிஸில் மறுபாதியும் அகப்பட்டன. 1842இல் மறுபடி கை வைத்து, அந்த இடைக்கால வரைபடத்தின்படியே 1880இல் முடித்தார்கள். 632 ஆண்டு. உயரம் 157 மீட்டர். 1884இல் வாஷிங்டன் நினைவுத்தூண் எழும் வரை உலகிலேயே உயரமான கட்டடம். ஒன்பது மணிக்கு வந்து மூன்று மணி அறைக்கு முணுமுணுத்துக்கொண்டிருக்கும் உங்களை இந்தக் கல் பொருட்படுத்தாது.

பலிபீடத்துக்குப் பின்னால் தங்கப்பேழை. குழந்தை இயேசுவைக் காண வந்த மூன்று ஞானிகளின் எலும்புகள் உள்ளே இருப்பதாக நம்பிக்கை. 1164இல் பேராயர் ரைனால்ட் மிலான் நகரத்திலிருந்து கொண்டுவந்தார். அவற்றை வைக்க இருந்த கோயில் போதாது என்றுதான் இவ்வளவு பெரிதாகக் கட்ட ஆரம்பித்தார்கள். ஆக, வெகுதூரம் நடந்து வந்த மூன்று யாத்ரிகர்களுக்குத் தகுந்த தங்குமிடம் வேண்டும் என்று எழுந்த கட்டடம் இது. உங்களைப்போல் ஒருவர் அதில் வந்து உட்காருவதை அந்த மூவரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

உட்காருவது எங்கே? தெற்குச் சிறகில் ஓவியர் கெர்ஹார்ட் ரிஷ்டர் அமைத்த வண்ணக் கண்ணாடி ஜன்னல் தெரிகிற இடத்தில். 2007இல் பொருத்தியது. புனிதர் உருவம், கதை ஒன்றுமில்லை. 72 நிறங்களில் 11,263 சதுரங்கள், இடங்களைப் பெரும்பாலும் கணினி தற்செயலாகத் தேர்ந்தது. அன்றைய கார்டினல் மைஸ்னருக்குப் பிடிக்கவில்லை. மசூதிக்கு வேண்டுமானால் பொருந்தும் என்ற அர்த்தத்தில் சொல்லிச் சர்ச்சையானது. எனக்குக் கார்டினலின் ரசனையில் உடன்பாடில்லை. மற்ற ஜன்னல்களுக்கு யார் எவர் என்று தெரிய வேண்டும், விவிலியம் படித்திருக்க வேண்டும், மூளை விழித்திருக்க வேண்டும். இதற்கு ஒன்றும் வேண்டாம். வெயில் ஏறினால் நிறங்கள் கல்தரையில் வந்து விழும். பார்த்துக்கொண்டே இருக்கலாம், பார்க்காமலும் இருக்கலாம்.

தூங்கும் முறை. தலையைப் பின்னால் சாய்த்து வாய் திறந்து தூங்கினால், சிவப்பு அங்கியில் உலாவும் பணியாளர் ஒருவர் வந்து தோளருகே நிற்பார். அவர்கள் கனிவானவர்கள், ஆனால் கண்டிப்பு உண்டு. முன்னால் குனிந்து, இரு கைகளையும் கோத்து, நெற்றியை அதன்மேல் வைத்துக்கொண்டால் பிரார்த்தனை. பிரார்த்தனையை யாரும் கலைப்பதில்லை. குறட்டை வருகிறவர்கள் இம்முறையைத் தவிர்க்கவும். பெரிய பெட்டி, மூட்டை முடிச்சோடு வந்தால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள் என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன்.

தெற்குக் கோபுரம் ஏறலாமே என்று ஒரு சபலம் வரும். 533 படிகள். லிஃப்ட் கிடையாது. குறுகலான சுழற்படியில் ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் ஒருவரையொருவர் உரசிக்கொண்டே போகவேண்டும். நடுவில் மூச்சு வாங்க நின்றால் பின்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒரு வகுப்பே நிற்கும். வழியில் 1923இல் வார்த்த 24 டன் மணி ஒன்று இருக்கிறது. 2011 ஜனவரி 6 அன்று, மூன்று ஞானிகளின் திருநாளிலேயே, அதன் நாக்கு அறுந்து விழுந்தது. ஏறிப்போனால் பார்க்கலாம். உச்சியில் நின்று ஊரைப் பார்க்கலாம், ஆற்றைப் பார்க்கலாம், பேராலயத்தைத் தவிர எல்லாவற்றையும் பார்க்கலாம். இன்றைக்கு வேண்டாம்.

சாலையில் நடப்பதற்குச் சுருக்கமாக: சிவப்பு மனிதன் எரியும்போது ஒரு வண்டிகூட இல்லாவிட்டாலும் நில்லுங்கள். அபராதம் ஐந்து யூரோதான். ஆனால் பக்கத்தில் குழந்தையோடு நிற்கும் தாயின் பார்வைக்கு விலை அதிகம். சைக்கிள் பாதையில் நிற்காதீர்கள். அது நடைபாதையின் பாதி மாதிரியே இருக்கும், மணியோசை கேட்ட பின்தான் தெரியும். ட்ராமில் ஏறினால் டிக்கெட் பரிசோதகர் கேட்டைத் தாண்டும்போது இருக்கமாட்டார், கேட்டே கிடையாது. சாதாரண உடையில் உள்ளே எங்கேயாவது உட்கார்ந்திருப்பார். டிக்கெட் இல்லாவிட்டால் 60 யூரோ. சுற்றுலாப் பயணி, தூக்கம், புது ஊர் எதுவும் வாதமாகாது.

தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும். உணவகத்தில் டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து வைக்கும் வழக்கம் இங்கே இல்லை. கேட்டால் பாட்டில் வரும், பில்லும் வரும், பெரும்பாலும் உள்ளே காற்றடைத்த சோடாவாக இருக்கும். 'ஸ்டில்' என்று அழுத்திச் சொன்னால்தான் சாதாரணத் தண்ணீர். குழாய்த் தண்ணீர் தாராளமாகக் குடிக்கலாம். விமானத்தில் தந்த பாட்டிலைத் தூக்கிப் போடாமல் நிரப்பிக்கொள்ளுங்கள். கடையில் வாங்கிய பிளாஸ்டிக் பாட்டிலுக்கு 25 சென்ட் முன்பணம் உண்டு. சூப்பர்மார்க்கெட் இயந்திரத்தில் திருப்பிப் போட்டால் கிடைக்கும். அதுவரை சுமக்க முடியாதவர்கள் குப்பைத்தொட்டிக்குள் எறியாமல் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவார்கள். பொறுக்கிச் சேர்த்துப் பிழைப்பவர்கள் எடுத்துக்கொள்வார்கள். நீங்களும் அப்படியே செய்யுங்கள். குடித்த தண்ணீரை இறக்கிவைக்க நிலையத்தில் ஒரு யூரோ ஆகும். சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். ஆக, உள்ளே போகவும் காசு, வெளியே வரவும் காசு.

பசிக்கும். காலையிலேயே பசித்தால் பேக்கரி. கண்ணாடிக்குப் பின்னால் வெட்டி நிரப்பிய பன்கள் இருக்கும், விரல் நீட்டினால் போதும். மத்தியானம் என்றால் மதுச்சத்திரம். இந்த ஊர் பீருக்கு 'கோல்ஷ்' என்று பெயர். கொலோனிலும் சுற்றுவட்டாரத்திலும் வடித்தால்தான் அந்தப் பெயர் வைக்கலாம், 1997 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் பாதுகாப்பும் உண்டு. 200 மில்லி மட்டும் பிடிக்கும் ஒல்லிக் கண்ணாடிக் குழலில் தருவார்கள். சின்னதுதானே என்று நினைப்பீர்கள். காலியாவதற்குள் அடுத்தது வந்துவிடும், யாரும் கேட்கமாட்டார்கள். பரிமாறுகிறவருக்கு 'கோபெஸ்' என்று பெயர். வட்டத்தட்டில் குழல்களைச் செருகிக்கொண்டு சுற்றிச் சுற்றி வருவார். வைத்ததற்கு அடையாளமாக உங்கள் முன்னால் இருக்கும் அட்டையில் ஒரு கோடு கிழிப்பார். போதும் என்று வாயால் சொல்லிப் பயனில்லை. கல்யாணப் பந்தியில் இலையை மூடும் வரை சாம்பார் வாளி நகராது. இங்கே அந்த அட்டையை எடுத்துக் குழலின் வாய்மேல் வைத்து மூடவேண்டும். தூக்கமில்லாத உடம்புக்கு இரண்டாவது குழலே அதிகம். நம்மூர் சினிமாவில் வரும் எச்சரிக்கை வாசகத்தை இந்த இடத்தில் மனசுக்குள் ஓடவிடுங்கள்.

கோபெஸின் நாக்கு கூர்மையானது என்று பெயர். தண்ணீர் மட்டும் போதும் என்றால், சோப்பும் துண்டும் சேர்த்து வேண்டுமா என்று கேட்பது அவர்களின் பழைய ஜோக். புண்படவேண்டாம். எல்லாரிடமும் அப்படித்தான், தனியாக உட்கார்ந்திருப்பவரிடம் யாராவது வம்புக்காவது பேசுகிறார்களே என்று எடுத்துக்கொள்ளலாம். ஆப்பிள் சோடா கேளுங்கள், 'ஆப்ஃபெல்ஷோர்லே'. மரியாதை கொஞ்சம் தப்பும்.

சைவர்களுக்கு: உருளைக்கிழங்கைத் துருவி எண்ணெயில் சுட்ட அடை கிடைக்கும், 'ரீவ்கூக்கென்' என்பார்கள், முட்டை சேர்ப்பார்கள், தொட்டுக்கொள்ள ஆப்பிள் கூழ். 'ஹால்வர் ஹான்' என்பது சீஸும் கடுகு விழுதும் வெங்காயமும் வைத்த ரை ரொட்டி. அதையும் நம்பிக் கேட்கலாம். 'ஹிம்மெல் உன் ஏர்ட்' என்ற தட்டில் உருளை மசியலுக்கும் ஆப்பிளுக்கும் பக்கத்தில் கறுப்பாக உட்கார்ந்திருப்பது ரத்தத் தொத்திறைச்சி. கத்தரிக்காய் என்று நினைத்து வாயில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

சாப்பிட்டதும் மண்டை கனக்கும். மணி ஒன்று, ஒன்றரை ஆகியிருக்கும். இது அபாயக் கட்டம். இதற்கென்றே இந்த ஊரில் ஒரு மருந்து இருக்கிறது. போன தலைமுறைத் தமிழ் வீடுகளில் காய்ச்சல் வந்தால் கைக்குட்டையை நனைத்து நெற்றியில் போடுவார்களே, யூடிகொலோன், அது பிறந்த ஊர் இதுதான். இத்தாலியிலிருந்து வந்த ஃபரீனா குடும்பம் 1709இல் கடை ஆரம்பித்தது; இன்னும் இருக்கிறது. நீலத் தங்கச் சீட்டு ஒட்டிய 4711 பின்னால் வந்தது. பிரெஞ்சுப் படை ஊரைப் பிடித்திருந்த காலத்தில் வீடுகளுக்கு எண் போட்டபோது குளோக்கென்காஸே தெருவில் அந்த வீட்டுக்கு வாய்த்த எண் அது. அந்தக் கடைக்குள் வாசனைத் தண்ணீர் ஊற்றாக ஓடுகிறது. கையை நனைத்து நெற்றியில், பிடரியில் தடவிக்கொள்ளலாம். காசில்லை. விமானத்தில் வந்த வாடையும் கொஞ்சம் அடங்கும். பக்கத்தில் இருப்பவர்களின் நலனையும் கருதி இதைப் பரிந்துரைக்கிறேன்.

அப்படியே பழைய நகரத்துக்குள் ஒரு சுற்று வரலாம். ஆற்றங்கரையில் கூர்ங்கூரையோடு வண்ண வண்ண வீடுகள், பின்னால் கிரோஸ் சங்க்ட் மார்ட்டின் தேவாலயத்தின் கோபுரம். எல்லாரும் படமெடுப்பார்கள். எடுங்கள், ஆனால் இடைக்காலத்துக்கே போய்விட்டதாக ஊருக்கு எழுதாதீர்கள். 1942 மே 30 இரவு பிரிட்டன் ஆயிரம் விமானங்களை ஒரே சமயத்தில் அனுப்பிய முதல் தாக்குதல் இந்த ஊரின் மீதுதான். போர் முடிந்தபோது உள்நகரம் பெரும்பாலும் இடிபாடு. பேராலயத்தின் மீதும் 14 குண்டுகள் விழுந்தன, நின்றது. நீங்கள் பார்க்கும் பழைய வீடுகளில் பல போருக்குப் பின் கட்டியவை. மார்ட்டின் தேவாலயத்தைச் சீர்செய்து முடிக்கவே 1985 ஆயிற்று. மீதி ஊரை அவசர அவசரமாகக் கட்டினார்கள், அழகாக இல்லை. கொலோன்காரர்களுக்கும் அது தெரியும். தெரிந்தும் இந்த ஊரைப்போல் உண்டா என்று பாட்டாகப் பாடுவார்கள். களைத்தவனுக்கு அவர்களோடு ஒத்துப்போவது சுலபம்.

வந்திறங்கிய நாள் ஞாயிற்றுக்கிழமையா? அப்படியானால் கடைகள் மூடியிருக்கும். ஞாயிறு ஓய்வு நாள் என்பதை வைமார் அரசியலமைப்பு எழுதிவைத்தது, இன்றைய அடிப்படைச் சட்டத்தின் 140ஆம் பிரிவு அதை அப்படியே எடுத்துக்கொண்டது. உங்களுக்குப் பற்பசை தீர்ந்துபோனதற்காக அதைத் திருத்தமாட்டார்கள். ரயில் நிலையத்துக்குள் இருக்கும் கடைகள் மட்டும் திறந்திருக்கும். அதுவும் பேராலய வாசலிலேயே என்பதால், நடை மிச்சம்.

இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கிறதே, பான் போய் பீத்தோவன் பிறந்த வீட்டைப் பார்க்கலாமே, சாக்லேட் அருங்காட்சியகம் இருக்கிறதே, இதே மாநிலத்தில் ஹாம் நகரில் இலங்கைத் தமிழர்கள் எழுப்பி 2002இல் குடமுழுக்குக் கண்ட காமாட்சி அம்பாள் கோயில் இருக்கிறதே என்றெல்லாம் தோன்றினால், அது நீங்கள் பேசவில்லை, குடித்த காபி பேசுகிறது. அம்பாள் எங்கும் போய்விடமாட்டாள். குளித்துத் தூங்கி எழுந்து போவதுதான் அவளுக்கும் மரியாதை. ஆற்றங்கரைப் பெஞ்சில் உட்கார்ந்து சரக்குப் படகுகளை எண்ணுங்கள். அதில் யாரும் தப்புக் கண்டுபிடிக்க முடியாது.

மூன்று மணி. சாவி கையில். ஆபத்து இப்போதுதான் ஆரம்பம். ஜெர்மன் ஹோட்டலின் இரட்டைக் கட்டிலில் ஆளுக்கொன்றாக இரண்டு தனிப் போர்வைகள் மடித்திருக்கும். தனியாளுக்கு இரண்டுமே சொந்தம். மின்விசிறி இருக்காது, ஏ.சி. பல இடங்களில் இருக்காது. ஜன்னல் கைப்பிடியைப் பக்கவாட்டில் திருப்பினால் கதவாகத் திறக்கும், மேல்நோக்கித் திருப்பினால் ஜன்னலின் தலைப்பக்கம் அப்படியே உங்களை நோக்கிச் சாயும். கழன்று விழுகிறது என்று தாங்கிப் பிடிக்காதீர்கள். காற்றுக்காக அப்படிச் செய்திருக்கிறார்கள்.

கட்டிலில் உட்காராதீர்கள். குளித்துவிட்டு வேண்டுமானால் நாற்காலியில் உட்காருங்கள். முடியவே முடியாது என்றால் இருபது நிமிடத்துக்கு அலாரம் வைத்து, போனைக் கைக்கெட்டாத தூரத்தில், முடிந்தால் குளியலறையில் வைத்துவிட்டுப் படுங்கள். இதைச் செய்யாமல் "சும்மா கண்ணை மூடிக்கொள்கிறேன்" என்றவர்கள் இரவு பதினொன்றுக்கு முழித்துக்கொண்டு, ஊரெல்லாம் அடங்கிய பின், மினிபாரில் இருக்கும் வேர்க்கடலையோடு விடியும் வரை உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். ஜூனில் வந்தால் இரவு ஒன்பதே முக்கால் வரை வெளிச்சம் இருக்கும், தள்ளிப்போடுவது சுலபம். டிசம்பரில் நாலரைக்கே இருட்டிவிடும். ஒன்பது மணி ஆகிவிட்டதாக உடம்பு சாதிக்கும். கடிகாரத்தை மட்டும் நம்புங்கள். சூப் குடித்துவிட்டு எட்டரை, ஒன்பதுக்குப் படுத்தால் போதும்.

காலை நாலுக்கு முழிப்பு வந்தால் கவலைப்படாதீர்கள். நம்மூரில் அப்போது கோடையானால் ஏழரை. இது உங்களுக்கு வழக்கமாக எழுந்திருக்கும் நேரம்தான். பேக்கரிகள் ஆறு மணி வாக்கில் திறக்கும். காபி குடித்துவிட்டு, கூட்டம் வருவதற்கு முன்னால் போய்க் கோபுரம் ஏறுங்கள். இரண்டாம் நாளும் 533 படிதான், அன்றும் லிஃப்ட் இருக்காது.